இமோஜி தோல்நிறத் தேர்வு

மனித உருவ இமோஜியின் தோல்நிறத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதி இது. 2015 ஜூனில் வெளியான யூனிகோட் 8.0 இதற்கென ஐந்து நிறக் குறியீடுகளைத் தந்தது. கைபேசியில் கட்டைவிரல் இமோஜியை அழுத்திப் பிடித்தால் மஞ்சளோடு ஐந்து நிறங்களும் விரியும். தேர்ந்த நிறத்தின் குறியீடு இமோஜியின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதை அறியாத பழைய கருவியில் மஞ்சள் விரலும் அருகே ஒரு கட்டமும் தனித்தனியே தெரியும். வெயிலுக்குத் தோல் எப்படிச் சிவக்கிறது, கறுக்கிறது என்று தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அளவுகோலே இதற்கு அடிப்படை. அதன் ஆறு வகைகளில் வெளிர்ந்த இரண்டும் இங்கே ஒன்றாயின.

மஞ்சள் பொதுநிறம்தானே, நிறம் பிரிப்பது பேதத்தை வளர்க்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பேதம் முன்பே இருந்தது: 2015க்கு முன் ஐபோனின் மனித முகங்கள் பெரும்பாலும் வெளிர்நிறத்தவை. கறுத்த தோலுடையவருக்குத் தன் சாயலில் ஒரு முகம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத்தான் இத்தேர்வு தீர்த்தது. ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்த எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வும், நிறம் தேர்பவர்களில் பெரும்பாலோர் தம் நிறத்தையே தேர்கிறார்கள் என்று கண்டது. வேண்டாதவருக்கு மஞ்சள் அப்படியே இருக்கிறது. ஆனால் கைகுலுக்கலில் இரு கைகளுக்கும் வெவ்வேறு நிறம் தர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதம் நியாயமானதல்ல.