சுயேச்சை அபேட்சகரும் எல்லைப்புறத் தமிழரும்

கேரளத்துப் பாலக்காட்டு எல்லையூராகிய மீனாட்சிபுரத்து அன்பர்கள் தங்கள் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பணித்தபோது மறுக்கவொண்ணாத அன்பினால் இசைந்தேன். எல்லைப்புறத் தமிழரின் இன்னல்களை அவர்கட்கே எடுத்துரைப்பது மிகையாகுமாதலின் அவற்றை விடுத்து, பெருங்கட்சிகளும் முன்னணிகளும் கோலோச்சும் சட்டசபைத் தேர்தல்களில் கட்சி சாராத அபேட்சகரும் சிறு கட்சியினரும் சிற்சில வேளைகளில் வாகை சூடுவது எங்ஙனம் என்பதை, அன்னை மீனாட்சியின் திருவருளை முன்னிட்டு ஒருவாறு ஆராயத் துணிகின்றேன்.

கட்சியென்பதையே அறியாத தேர்தலொன்று நம் முன்னோரிடத்தில் இருந்தது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் (919, 921) நான் பன்முறை கற்று இன்புறுபவை. முப்பது குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரிந்த அவ்வூரில், கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவராய் இருப்போரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாப் பாலகனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தார்கள். முன்பு வாரியமென்னும் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயர் மட்டுமன்று, அவன் நெருங்கிய உறவினரின் பெயரும் குடத்துள் புகாது. நிலமும் வேதப் பயிற்சியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது பெருங்குறையே. ஆயினும் ஆளை ஆளாகவே எடைபோட்ட அம்முறையின் கண்டிப்பை இன்றைய சட்டசபைகளில் காண்பதரிது. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நாடி மிகுதியானதைக் கொள்ளுமாறு திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வகுத்த நெறியும் இதுவே.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1952-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸ் 152-ஐயே பெற, சுயேச்சைகள் 62 பேர் வென்றனர். கட்சிச் சின்னங்கள் ஜனங்களின் மனத்தில் வேரூன்றாத அந்நாளில் ஊரறிந்த பெயருக்கு மதிப்பிருந்தது. அச்சுயேச்சைகளுள் ஒருவர், கூத்துப்பறம்பிலிருந்து தேர்வு பெற்ற வழக்கறிஞர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நம்மவர். 1957-இல் தலைச்சேரியில் மீண்டும் சுயேச்சையாக வென்றார். கேரளச் சட்டசபையின் 126 ஸ்தானங்களில் 60-ஐப் பெற்ற கம்யூனிஸ்டுகள் சுயேச்சைகள் ஐவரின் துணையாலேயே மந்திரிசபை அமைத்தபோது, அதில் இவரும் இடம்பெற்றார். கம்யூனிஸ்டுகளின் ஆதரவு அவர்க்கு இருந்ததை மறைக்க வேண்டுவதில்லை. ஏழைகளின் வழக்குகளில் அவர் ஈட்டிய நற்பெயர் கட்சியெல்லைக்கு அப்பாலும் ஓட்டுத் தேடித் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெயரினும் வலியது நிலம். அதிக ஓட்டுப் பெற்றவரே வென்றவர் என்னும் நமது விதியில், நாடெங்கும் சிதறிய ஓட்டு வீணாகும். ஒரே பகுதியில் திரண்ட ஓட்டு ஸ்தானமாகும். தென் திருவிதாங்கூர்த் தமிழருக்காக மார்ஷல் நேசமணி தலைமையேற்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அவ்வாறுதான் தழைத்தது. 1952-இல் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டசபையில் எட்டு ஸ்தானங்களைப் பெற்ற அவ்வியக்கம் ஆதரவை விலக்கிக்கொண்டதனால் 1953-இல் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை கவிழ்ந்தது. 1954-இல் 117-இல் பன்னிரண்டு அதன் வசமாயிற்று. அத்தேர்தலில் பத்தொன்பதே பேரையுடைய பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை முதல்மந்திரியானார் என்றால், சிறுபான்மை எண்ணின் மகிமையை வேறென்ன சொல்லி விளக்குவது! பெருங்கட்சி கைவிட்ட குறையொன்று ஒரு வட்டாரத்தில் குவிந்து கிடந்தால், அதனைக் கையிலெடுப்பவனுக்கு அவ்வட்டாரம் முழுவதும் துணை நிற்கும்.

நம் சித்தூர்த் தாலூகாவில் அக்குறை தண்ணீர். மழை மறைவுப் பிரதேசமாகிய கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேன்பதி ஆகிய ஊர்களின் தென்னையும் நிலக்கடலையும் சோகநாசினியாம் சித்தூர்ப் புழையின் வரத்தை நம்பியவை. 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையின்படி தமிழகத்திலிருந்து மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும்; வந்த அளவைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான் இவ்வூர் விவசாயி. ஜனதா மரபினரான கே. கிருஷ்ணன்குட்டி 1980 முதல் 2021 வரை இத்தொகுதியில் ஐந்து முறை வென்றதற்கு இத்தண்ணீர் விவகாரத்தில் அவர் விடாது வாதாடியது பெருங்காரணமென்று கருதுகின்றேன். பிற்காலத்தில் இடதுசாரி முன்னணியின் நிழலில் நின்றதும் உண்மையே. எனினும் கேரளத்தில் பிற இடங்களில் மெலிந்த கட்சியொன்று இங்கே கிளைத்து நின்றதற்கு முன்னணி ஒன்றே விடையாகாது.

இத்தகைய வட்டாரக் குறையின் துணையின்றித் தனிமனிதச் செல்வாக்கு மட்டும் நிலைப்பதில்லை. 2016-இல் மூன்று முன்னணிகளையும் எதிர்த்துப் பூஞ்ஞாறில் வென்ற பி.சி. ஜார்ஜ் 2021-இல் தோற்றார். 2017-இல் சென்னை ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக 40,707 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதோ ஆளுங்கட்சியின் பிளவில் விளைந்தது. அதனை மற்றோரிடத்திற்கு மாதிரியாகக் கொள்ளலாகாது.

ஆகவே மீனாட்சிபுரத்து இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். சின்னம் எதுவாயினும் ஓட்டுக் கேட்டு வருபவரை வாசலில் நிறுத்தி, மணக்கடவுத் தண்ணீருக்கும் நம் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்திற்கும் இதுகாறும் என்ன செய்தீரென்று கணக்குக் கேளுங்கள். அக்கணக்கைக் காட்ட வல்லவர் சுயேச்சையாயினும் அவருக்கே உங்கள் ஓட்டை அளியுங்கள்.