பயனர் பட்டியல் யாரிடம்? சாம்பாவும் கட்டற்ற நிர்வாகக் கருவிகளும்

கோப்பு சர்வர்களின் வரலாறு பெரும்பாலும் நெறிமுறைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. சர்வரைப் பராமரிக்கும் நிர்வாகியின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். கோப்பை வலையமைப்பின் வழியே அனுப்பும் வேலையைக் கட்டற்ற மென்பொருள் 1990களின் தொடக்கத்திலேயே பெருமளவு முடித்துவிட்டது. கோப்பைக் கேட்பவர் யார், அவர் பெயர் எந்தப் பட்டியலில் உள்ளது, அந்தப் பட்டியலைத் திருத்துபவர் யார் என்ற கேள்விகள் தீர மேலும் 20 ஆண்டுகள் பிடித்தன. நிர்வாகக் கருவிகள் தழைத்ததையும் மறைந்ததையும் தீர்மானித்தது, பயனர் கணக்குகள் எத்தனை இடங்களில் சிதறிக் கிடந்தன என்பதே. யூனிக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குத் தரும் சாம்பா மென்பொருளை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

1991ஆம் ஆண்டின் இறுதி. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், தமது டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் வட்டை அணுக விரும்பினார். அந்த டாஸ் கணினியில் இருந்த, டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் பேசிய நெறிமுறை அவருக்குத் தெரியாது. வலையமைப்பில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்து, அவற்றுக்கு ஏற்ற விடைகளைத் தரும் ஒரு நிரலை எழுதி, 1992 ஜனவரியில் வெளியிட்டார். ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் விரிவாக்கிய எஸ்.எம்.பி. நெறிமுறையே அது என்பது பின்னர்தான் தெளிவானது. நிரலின் முந்தைய பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியோடு மோதியதால் 1994இல் அது சாம்பா ஆயிற்று.

அந்நாளைய சாம்பாவுக்குக் கணக்கு நிர்வாகம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸ் கணினி கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும். சாம்பா அதை யூனிக்ஸ் முறையில் மறைகுறியாக்கி, யூனிக்ஸின் கடவுச்சொல் கோப்பில் உள்ளதோடு ஒப்பிடும். ஒரே பட்டியல், ஒரே கடவுச்சொல். பயனரைச் சேர்க்க யூனிக்ஸின் வழக்கமான கட்டளையே போதும்.

1997இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0இன் மூன்றாம் சர்வீஸ் பேக் இந்த நிலையை முறித்தது. மறைக்கப்படாத கடவுச்சொல்லை அனுப்புவதை அது இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. பாதுகாப்பு நோக்கில் சரியான முடிவுதான். புதிய முறையில் சர்வர் ஒரு சவால் எண்ணை அனுப்பும். பயனரின் கணினி, கடவுச்சொல்லின் எம்.டி.4 ஹாஷைக் கொண்டு அதற்கு விடை கணித்து அனுப்பும். விடையைச் சரிபார்க்க சர்வரிடமும் அதே ஹாஷ் இருக்க வேண்டும். யூனிக்ஸ் வைத்திருந்ததோ வேறு வகை ஹாஷ். இரண்டுமே ஒருவழிக் கணக்குகள் ஆதலால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற வழியில்லை. ஆகவே சாம்பா தனக்கென இரண்டாவது கடவுச்சொல் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ள நேர்ந்தது.

அடுத்து வந்த நிர்வாகக் கருவிகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டாவது கோப்பின் விளைவாகவே நான் படிக்கிறேன். ஒவ்வொரு பயனரையும் இரு முறை பதிய வேண்டும். விலகியவரை இரு இடங்களில் நீக்க வேண்டும். ஒன்றில் கடவுச்சொல் மாறினால் மற்றொன்றில் பழையதே நிற்கும். சவாலுக்கு விடை கணிக்க ஹாஷே போதும் என்பதால், அந்தக் கோப்பைத் திருடியவருக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. சாம்பா குழு கண்ட ஒரு தீர்வு சுவையானது. பயனர் விண்டோஸிலிருந்து கடவுச்சொல்லை மாற்றும்போது, சாம்பா தானே யூனிக்ஸின் கடவுச்சொல் கட்டளையை இயக்கும். அக்கட்டளை திரையில் கேட்கும் கேள்விகளுக்கு, மனிதர் ஒருவர் தட்டச்சு செய்வதுபோல் பதில் தரும். கேள்வியும் பதிலும் எந்த வரிசையில் வரும் என்பதை நிர்வாகி அமைவுக் கோப்பில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

1999 ஜனவரியில் வந்த சாம்பா 2.0, ஸ்வாட் என்ற உலாவிக் கருவியைக் கொண்டுவந்தது. 901ஆம் போர்ட்டில் திறக்கும் அதன் பக்கத்தில், ஒவ்வோர் அமைவுக்கும் அருகிலேயே விளக்கம் இருந்தது. விண்டோஸ் உலகிலிருந்து வந்த புதிய நிர்வாகிக்கு அது பெரும் உதவி. ஆனால் அமைவுக் கோப்பை அது முழுவதுமாகத் திருப்பி எழுதும். நிர்வாகிகள் எழுதி வைத்த குறிப்புரைகள் அழிந்துவிடும். உச்ச உரிமையுடைய ரூட் கணக்கின் கடவுச்சொல்லும், தனி ஏற்பாடு செய்யாவிட்டால், வலையமைப்பில் மறைவின்றிச் செல்லும். 2013 தொடக்கத்தில் பாதுகாப்புக் குறைகள் மீண்டும் வெளிப்பட்டன, பராமரிக்க ஆளில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 4.1 பதிப்பிலிருந்து ஸ்வாட் நீக்கப்பட்டது.

ஆஸ்திரேலியரான ஜேமி கேமரன் 1997இல் தொடங்கிய வெப்மின் வேறு வழியில் சென்றது. இருக்கும் அமைவுக் கோப்பில் தேவையான வரியை மட்டும் மாற்றி, குறிப்புரைகளை அப்படியே விட்டுவைப்பது அதன் கொள்கை. நிர்வாகி கையாலும் திருத்துவார், கருவியாலும் திருத்துவார் என்பதை அது ஏற்றுக்கொண்டது. அதன் சாம்பா பிரிவில், யூனிக்ஸ் பயனரைச் சேர்க்கும்போதே சாம்பா பயனரையும் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. இரு பட்டியல்களையும் அது ஒன்றாக்கவில்லை. ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. வெப்மின் நிலைத்ததற்கு இந்தப் பணிவான அணுகுமுறையே காரணம் என்று கருதுகிறேன். 2018இல் அதன் தயாரிப்பு சர்வருக்குள் ஊடுருவியவர்கள் கடவுச்சொல் மாற்றும் நிரலிலேயே ஒரு கள்ளவழியைப் புகுத்தியதும், 2019 ஆகஸ்டில் அது அம்பலமானதும் இவ்வகைக் கருவிகளின் ஆபத்தையும் காட்டின. எல்லாக் கணக்குகளையும் மாற்ற வல்ல கருவி, தாக்குபவருக்கும் அதே வலிமையைத் தருகிறது.

பட்டியலை ஒன்றாக்கும் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. அடைவு எனப்படும் மையப் பட்டியலை வலையமைப்பின் வழியே அணுக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலியோர் உருவாக்கிய எல்.டி.ஏ.பி. நெறிமுறை 1993இல் ஆவணமாயிற்று. அதைக் கட்டற்ற மென்பொருளாகத் தரும் ஓப்பன்எல்டாப் திட்டம் 1998இல் தொடங்கியது. அதே ஆண்டு லூக் ஹோவர்டு எழுதிய ஆர்.எஃப்.சி. 2307 என்ற ஆவணம், யூனிக்ஸ் கணக்குகளை எல்.டி.ஏ.பி. அடைவில் எப்படி வைப்பது என்று வகுத்தது. 2003 செப்டம்பரில் சாம்பா 3.0 வந்த காலத்தில், ஒருவரின் யூனிக்ஸ் எண்ணும் விண்டோஸ் ஹாஷும் ஒரே அடைவுப் பதிவில் இடம்பெற முடிந்தது. உடனே கருவிகள் பெருகின: பிரான்ஸின் ஐடியல்எக்ஸ் நிறுவனம் தந்த கட்டளைத் தொகுப்பு, உலாவியில் இயங்கும் எல்டாப் அக்கவுன்ட் மேனேஜர், மியூனிக் நகராட்சியின் லிமுக்ஸ் திட்டம் பயன்படுத்திய கோசா. அடைவைத் திருத்தினாலே இரு உலகங்களிலும் கணக்கு மாறியதால், இவற்றின் ஆசிரியர்கள் சாம்பாவின் உள்ளமைப்பை முழுவதும் அறிந்திருக்கத் தேவையில்லை.

ஆனால் மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டிலேயே ஆக்டிவ் டைரக்டரி என்ற தன் சொந்த அடைவுக்கு மாறியிருந்தது. எல்.டி.ஏ.பி., அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், கணினிப் பெயர்களைத் தேடும் டி.என்.எஸ். மூன்றையும் அது ஒன்றோடொன்று பின்னியிருந்தது. பொட்டலங்களைக் கவனித்து மட்டும் அதை மறுபடி கட்டுவது கடினம். இங்கே சட்டம் குறுக்கிட்டது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, நெறிமுறைத் தகவல்களைப் போட்டியாளர்களுக்குத் தர உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில், ஒரு முறை செலுத்தும் 10,000 யூரோவுக்கு, சாம்பா குழுவுக்கு ஆவணங்கள் கிடைக்க ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கட்டற்ற மென்பொருளின் வரலாற்றில் பணத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்த தருணங்கள் அரிது.

2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0 தானே ஆக்டிவ் டைரக்டரியின் டொமைன் கன்ட்ரோலராக, அதாவது கணக்குகளை வைத்துச் சரிபார்க்கும் மைய சர்வராக, இயங்கியது. கணக்குகளை விண்டோஸ் கணினியிலிருந்து மைக்ரோசாஃப்டின் சொந்த நிர்வாகக் கருவிகளாலேயே திருத்தலாம். அல்லது லினக்ஸில் சாம்பா-டூல் கட்டளையால் திருத்தலாம். ஸ்வாட் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டபோது, அதன் இடத்தில் இன்னோர் உலாவிக் கருவியை சாம்பா குழு வைக்கவில்லை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. விண்டோஸ் ஒருவரை நீண்ட பாதுகாப்பு அடையாளத்தால் அறிகிறது. லினக்ஸ் வட்டோ கோப்பின் உரிமையாளரை ஓர் எண்ணால் அறிகிறது. வந்த வரிசையில் எண் ஒதுக்கினால், இரு கோப்பு சர்வர்களில் ஒரே ஆளுக்கு இரு எண்கள் கிடைக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்த கோப்பு வேறொருவருடையதாகிவிடும். அடையாளத்திலிருந்தே எண்ணைக் கணிப்பது ஒரு வழி. ஆர்.எஃப்.சி. 2307 காட்டியபடி எண்ணை அடைவிலேயே எழுதி வைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியைப் பின்பற்றியவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கருவியில் ஒரு யூனிக்ஸ் பக்கம் இருந்தது. விண்டோஸ் சர்வர் 2016இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. எண்ணுக்கான புலங்கள் அடைவில் அப்படியே இருக்கின்றன. அவற்றை இன்று நிர்வாகி சாம்பா-டூல் கட்டளை வழியாகவோ, பண்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் கருவியிலோ நிரப்புகிறார்.