மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் போர்க்கால உணவு நிவாரணம்

இலங்கையின் உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்த மட்டக்களப்பு மாவட்ட மக்களுக்கு அரசும் சமய நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் வழங்கிய சமைத்த உணவு, உலர் உணவு ஆகியவற்றின் வரலாறு இக்கட்டுரையில் தரப்படுகிறது.

மட்டக்களப்பு வாவி, மாவட்டத்தை இரு கரைகளாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ளது எழுவான்கரை. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி முதலிய நெருக்கமான ஊர்கள் இங்கே இருக்கின்றன. மேற்கே வயலும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை. போர்க்காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் விடுதலைப் புலிகளிடமும் எழுவான்கரை அரச படைகளிடமும் இருந்தன. வலையிறவுப் பாலமும் மண்முனைத் துறையும் முக்கியமான கடவைகள். எந்தப் பொருள் போகலாம், எவ்வளவு போகலாம் என்பது அங்கிருந்த சோதனைச் சாவடிகளில் முடிவானது. நெல் விளைவித்த கரைக்கு மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் அனுமதி பெற்றே போயின.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இடப்பெயர்வு பேரளவாயிற்று. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் பல்லாயிரம் பேர் தஞ்சமடைந்தனர். செப்டம்பர் 5 அன்று அங்கிருந்து 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. முகாமில் சோறு கிடைத்தது, உயிருக்குக் காவல் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய மாதமான ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். உட்பகுதிச் சிற்றூர்களின் முஸ்லிம் குடும்பங்கள் அவ்விரு ஊர்களையே நாடின. இவ்வாறு வந்தவர்களுக்கு முதல் நாட்களில் உலை வைத்தவர்கள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்தவர்களும் உறவினர்களும் அயலவர்களுமே. அறிக்கைகளில் மிகக் குறைவாக இடம்பெறும் உதவி இது.

அதன்பின் வந்தது ‘நிவாரணம்’. கிராம சேவையாளர் குடும்பத்தைப் பதிவு செய்தார். பிரதேச செயலகம் அட்டை வழங்கியது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் பொருள் நிறுத்துத் தரப்பட்டது. 1990களில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அரசு ஒதுக்கிய மாதப் பெறுமதி 1,260 ரூபா. விலைவாசி ஏறியபோதும் இத்தொகை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தது. பெறுமதி மாறாததால், அட்டை ஒன்றேயானாலும் உரப்பையில் வீடு வந்த அரிசி வருடத்துக்கு வருடம் குறைந்தது.

இரண்டாவது பெரும் அலை 2006–2007இல் வந்தது. திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கிலிருந்து மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே உள்ள வாகரைக்கு ஓடிவந்த மக்கள், சண்டைக்கும் மூடிய வீதிகளுக்கும் நடுவே மாதக்கணக்கில் சிக்கினர். உணவு வாகனத் தொடர்கள் எப்போதாவதுதான் உள்ளே போக முடிந்தது. 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜனவரியில் வாகரை படையினரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் படுவான்கரை மக்கள் நெல்லையும் மாடுகளையும் விட்டுவிட்டு வாவியைக் கடந்தனர். மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தை எட்டியது. 1968 முதல் இலங்கையில் இயங்கும் உலக உணவுத் திட்டம், கையிருப்பு தீர்ந்துகொண்டிருப்பதாகப் பகிரங்கமாக எச்சரித்தது.

உலக உணவுத் திட்டத்தின் பங்கீட்டில் இருந்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. மீனும் தேங்காயும் மிளகாயும் இல்லாமல் மட்டக்களப்பில் கறி இல்லை. எனவே மாவில் ஒரு பங்கை விற்றுத்தான் அவற்றை வாங்க வேண்டியிருந்தது. மீதி மா ரொட்டியும் பிட்டும் ஆனது. நிவாரணம் விற்பதை முறைகேடாகப் பார்ப்பது தவறு. பட்டியல் எழுதியவர்கள் விட்ட குறையைத் தாய்மார் நிரப்பினார்கள்.

உணவு செல்லும் வழிகள் மூடப்பட்டதைச் சட்ட நோக்கிலும் பார்க்க வேண்டும். குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாள்வதை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா இரண்டாம் மேலதிக நெறிமுறை தடுக்கிறது. இலங்கை அதில் இணையவில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை இதே குற்றத்தைக் கண்டித்து 2417ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2018இல்தான்.

படுவான்கரையில் மீள்குடியேற்றம் 2007 மே மாதத்தில் தொடங்கியது. முன்பு கடவையாக இருந்த மண்முனைத் துறையில் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அன்று சமைத்தவர்களும் பங்கிட்டவர்களும் அட்டையுடன் வரிசையில் நின்றவர்களும் முதுமை அடைந்து வருகின்றனர். அவர்களின் வாய்மொழியையும் சங்கக் கடைகளின் பழைய பதிவேடுகளையும் மாவட்டத்தின் வரலாற்றாசிரியர்கள் இப்போதே தேடித் தொகுக்க வேண்டும்.