குழு மாறிய ஆட்டக்காரரும் நிலைபெற்ற மைதானமும்

ஆண்டுவிழா மலர் என்றால் சேர சோழ பாண்டியர் வரலாற்றையும் பழந்தமிழ் நூல்களின் சிறப்பையும் எழுதுவது மரபு. அம்மரபு போற்றத்தக்கதே. ஆயினும் நம் காலனியில் மாலைப்பொழுது வந்ததும் பெரிதும் பேசப்படும் பொருள் யாதெனின், அது கால்பந்தாட்டமே ஆகும். இன்ன ஆட்டக்காரர் இன்ன குழுவுக்குப் போகிறாராம், இவ்வளவு தொகை பேசி முடித்துவிட்டார்களாம் என்பது ஒரு பேச்சு. திருச்சூர் மைதானம் அந்தக் காலத்தில் எப்படியிருந்தது தெரியுமா என்பது மற்றொரு பேச்சு. முன்னது இளையோர் பேச்சு. பின்னது முதியோர் பேச்சு. இவ்விரண்டிற்கும் வரலாறு உண்டு. ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நமக்கு அவ்வரலாறு சொல்லும் செய்தியும் ஒன்று உண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோபாலபுரம் தமிழகமும் கேரளமும் தோள் தொட்டு நிற்கும் எல்லைப்புறம். கிழக்கே போனால் பொள்ளாச்சி. மேற்கே போனால் பாலக்காடு, ஒற்றப்பாலம், திருச்சூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை பாலக்காடும் ஒற்றப்பாலமும் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. எல்லைக்கோடு மாறிற்றே ஒழிய, மக்கள் போக்குவரத்து மாறவில்லை. பிழைப்பைத் தேடிப் போகும் கால்களும் பந்தைத் தேடிப் போகும் கால்களும் எக்கோட்டைக் கண்டும் நின்றதில்லை.

முதலில் குழு மாற்றத்தின் வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்தில் பணம் பெற்று ஆடுவது 1885-இல் முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்பின் ஓர் ஆட்டக்காரர் ஒரு குழுவில் பெயர் பதிந்துவிட்டால், அக்குழு விடுவித்தாலன்றி வேறு குழுவுக்கு ஆட இயலாது என்ற விதி வேரூன்றிற்று. 1905-இல் ஆல்ஃப் காமன் என்பவரைச் சண்டர்லாந்து குழுவிடமிருந்து மிடில்ஸ்பரோ குழு ஆயிரம் பவுன் கொடுத்துப் பெற்றபோது, மனிதனுக்கு இப்படியும் ஒரு விலையா என்று அந்நாட்டார் திகைத்தனர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளை விடாமல் பிடித்துவைக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் நீதிமன்றம் ஏறினார். ஒருவன் தொழில் செய்து பிழைக்கும் உரிமையை அவ்வழக்கம் நியாயமின்றித் தடுக்கிறது என்று 1963-இல் தீர்ப்பாயிற்று. பின்னர்ப் பெல்ஜியம் நாட்டு ஷான் மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவர் விலையின்றி வேறு குழுவுக்குச் செல்லலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15-இல் தீர்ப்பளித்தது. இன்று நம் இளைஞர் பேசும் பேரங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது இத்தொழிலாளர் இருவரின் வழக்கு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே நெடுங்காலம் ஆட்டக்காரர் என்போர் சம்பளக்காரர் அல்லர். ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி, எண்ணெய்க் கம்பெனி ஆகியவற்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். நல்ல ஆட்டக்காரனுக்கு நல்ல வேலை கிடைக்கும், அவ்வளவே. ஆனால் கல்கத்தாவில் மட்டும் குழு மாற்றம் ஒரு திருவிழாவாகவே நடந்தது. மோகன் பகான், கிழக்கு வங்கம், முகமதியர் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெருங்குழுக்களும் பருவத் தொடக்கத்தில் ஆட்களைத் தேடி நாடெங்கும் அலையும். பெயர் பதியும் நாள்வரை ஆட்டக்காரரை ஏதேனும் ஒரு வீட்டில் ஒளித்துவைத்து, எதிர்க்குழுவினர் கண்ணில் படாமல் கையெழுத்திடக் கொண்டுசெல்வதும் உண்டு. அந்நாட்களில் வதந்திக்கு என்ன குறைவு! டிராம் வண்டியிலும் தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சு.

அக்கல்கத்தாவுக்குத் தெற்கிலிருந்து சென்றவர்களுள் இருவரை நாம் மறத்தல் ஆகாது. ஒருவர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் ஐதராபாத்தில் பிறந்த இவர் முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கிக் கோல் காவலரானார். நீலகிரி வெல்லிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தார். அக்குழு 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. ராணுவத்தை விட்டு வந்தபின் முகமதியர் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், கிழக்கு வங்கம் ஆகிய மூன்று குழுக்களின் கோலையும் ஒருவர் பின் ஒருவராகக் காத்தார். ஒன்றையொன்று பகைத்த மூன்று வீடுகளுக்கும் ஒருவரே காவற்காரர் ஆனது போன்றது இது. அதனால் அவர் புகழ் குறைந்ததா? இல்லை. 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா ஆசியப் பொற்பதக்கம் பெற்றபோது கோலில் நின்றவர் அவரே. 1967-இல் அர்ஜுனா விருதும் அவரை வந்தடைந்தது.

மற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 1957-இல் கிழக்கு வங்கக் குழுவிற் சேர்ந்து, 1961-இல் அதன் தலைவராய் நின்று கல்கத்தா லீக் பட்டத்தை வென்று தந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வலிமைமிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோலடித்தவரும் இவரே. பின்னர் அக்குழுவை விட்டு வங்காள நாகபுரி ரயில்வேக் குழுவிற்குச் சென்றார். நெஞ்சுறை நோய் அவர் ஆட்டத்தை இளமையிலேயே முடித்துவைத்தது. 2023-இல் அவர் மறைந்தார்.

மூன்றாமவர் நமக்கு மிக அண்மையில் உள்ளவர். எஸ்.எஸ். நாராயணன் 1934-இல் ஒற்றப்பாலத்தில் பிறந்தார். பம்பாய் மாதுங்காவில், தென்னாட்டார் நிறைந்த பகுதியில், ஆடி வளர்ந்து, கால்டெக்ஸ் கம்பெனிக் குழுவின் கோல் காவலராய் விளங்கினார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் தங்கராஜுடன் இவரும் இடம் பெற்றார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் நாம் எட்டிய உச்சம் அதுவே. பாரதப்புழைக் கரையில் பிறந்த பிள்ளை பம்பாயில் வளர்ந்து இந்தியாவின் கோலைக் காக்கும் நிலைக்கு உயர்ந்தான் என்றால், அதற்கு வழி திறந்தது இடப்பெயர்ச்சியே அன்றோ?

இனித் திருச்சூருக்கு வருவோம். 1969-இல் பிறந்த ஐ.எம். விஜயன், சிறுவனாயிருந்தபோது அவ்வூர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்றார்; ஒரு புட்டிக்குப் பத்துப் பைசா கிடைக்கும். அந்த மைதானத்திலேயே 1990-இல் கேரளப் போலீஸ் குழு கோவாவின் சால்கோக்கர் குழுவை வென்று பெடரேஷன் கோப்பையைக் கைக்கொண்டது. அக்குழுவில் விஜயனும் இருந்தார். அதன்பின் கல்கத்தா மோகன் பகான், பஞ்சாபின் ஜே.சி.டி., 1997-இல் தோன்றிய எஃப்.சி. கொச்சின் எனப் பல குழுக்களுக்கு அவர் மாறினார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பேச்சு எழாமல் இல்லை. பணத்தாசை என்றாரும் உளர். நன்றி மறந்தார் என்றாரும் உளர். ஆனால் தந்தையை இளமையில் இழந்து, சோடாப் புட்டி சுமந்து வளர்ந்தவர், தம் கால்கள் வலுவோடிருக்கும் சில ஆண்டுகளுக்குள் குடும்பத்தை நிலைநிறுத்த முயன்றது குற்றமாகுமா?

இவ்வினாவிற்கு விடை கூறும் தகுதி நம்மைக் காட்டிலும் யாருக்கு உண்டு? நம் முன்னோர் மானாமதுரையிலும் திருநெல்வேலியிலும் பொள்ளாச்சியிலும் பிறந்து, கூலிக்கும் குத்தகைக்கும் உத்தியோகத்திற்கும் மலை ஏறியும் கணவாய் கடந்தும் வந்தவர்கள். அவர்கள் பிறந்த ஊரைப் பகைத்து வந்தவர் அல்லர், பிழைக்க வந்தவர். ஊர்க்காரர் அவர்களை ஊரை விட்டு ஓடிப்போனவர் என்று இகழ்ந்திருந்தால் நம் நெஞ்சு எவ்வளவு புண்படும்! அங்ஙனமாக, குழு மாறிய ஆட்டக்காரனைத் துரோகி என்று தூற்ற நமக்கு நாவெழலாமா?

குழுப்பற்று வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பற்று வெறியாதல் கூடாது என்பதே. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் கிழக்கு வங்கமும் மோகன் பகானும் ஆடுகையில் பார்வையாளரிடையே கலகம் மூண்டு, நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் எந்தத் தாய் ஆறுவாள்? அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாக அந்நகரம் இன்றும் நினைவுகூர்கின்றது.

நிற்க. ஆட்டக்காரர் மாறுவது இயல்பு எனில், மாறாமல் நிற்க வேண்டியது எது? அதுதான் மைதானம். முதியோர் மைதானத்தைப் பற்றியே ஓயாது பேசுவதன் பொருள் இங்கே விளங்கும். ஆட்டக்காரன் ஒருவன் போனால் அவனிடத்தில் இன்னொருவன் வருவான். மைதானம் போனால் மீண்டும் வருவது அரிது. லண்டனில் ஆர்சனல் குழு 1913 முதல் 2006 வரை ஆடிய ஹைபரி மைதானம் இன்று குடியிருப்பு. பந்து உருண்ட புல்தரை நடுவிலே தோட்டமாய் நிற்கின்றது. சென்னையில் 1956 முதல் 1965 வரை டெஸ்டு கிரிக்கெட்டும் கண்ட கார்ப்பரேஷன் ஸ்டேடியம், 1993-இல் முற்றும் புதுப்பிக்கப்பட்டு நேரு விளையாட்டரங்கமாய் நிலைத்தது. உருவம் மாறினும் இடம் ஆட்டத்திற்கே எஞ்சியது, அது நற்பேறு. திருச்சூரில் குப்பை கொட்டும் இடமாயிருந்த லாலூரில் விஜயன் பெயராலேயே விளையாட்டு வளாகம் எழுந்துள்ளது. மனம் இருந்தால் குப்பைமேடும் மைதானமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தோட்டத் தமிழர் பெருமை கொள்ளத்தக்க மைதானமும் ஒன்று உண்டு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் 1941-இல் ஃபின்லே கம்பெனியின் மேலாளராயிருந்த ஈ.எச். பிரான்சிஸ் கால்பந்துக் கேடயம் ஒன்றை நிறுவினார். எஸ்டேட்டுக்கு ஒரு குழுவாகத் தொழிலாளர் ஆடும் போட்டி அது. கம்பெனியின் பெயர் மாறிற்று. 1983-இல் டாட்டா டீ வந்தது. 2005-இல் தொழிலாளரே பங்குதாரராகும் கம்பெனி தோன்றிற்று. இத்தனை மாற்றங்களுக்கும் பின்னர் ஃபின்லே கேடயப் போட்டி அம்மலையில் நின்றது. துரை கொடுத்த கேடயம் என்பதனால் அன்று. லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய் அதற்கென ஓடி வியர்த்தமையால் அது நம்முடையதாயிற்று.

ஆதலின் சங்கத்து அன்பர்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். குழு மாற்றம் பற்றிப் பேசுவோர் பேசுக. ஆனால் போகிறவனை வாழ்த்தி அனுப்பும் பண்போடு பேசுக. மைதானம் பற்றி நினைவுள்ள முதியோர், தாம் கண்ட ஆட்டங்களையும் ஆடினோர் பெயர்களையும் ஆண்டுகளையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைக்கச் செய்க. காலனியில் பிள்ளைகள் பந்தடிக்கும் திடல் எதுவாயினும், அதில் கடை கட்டவும் வண்டி நிறுத்தவும் பிறர் கேட்டு வரும் நாளில், அவ்வேடு நம் கையில் இருத்தல் வேண்டும். ஊரை விட்டு வந்த நாம் பிறந்த மண்ணை உடன் கொண்டுவர இயலவில்லை. வந்த மண்ணில் நம் பிள்ளைகள் ஓடியாட ஒரு பிடி நிலத்தையேனும் காத்து வைப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!