மீனும் சுருட்டியும்

பழம்பொருள் படிப்போம் – 17

கும்பகோணத்திலிருந்து வடக்கே வரும் பேருந்து அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டியதும், நடத்துநர் "மீன்சுருட்டி" என்று குரல் கொடுப்பார். அரியலூர் மாவட்டத்து ஊர். அந்தப் பெயர் வந்த கதை நமக்கு இப்போது வேண்டாம். பெயரின் பின்பாதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம். தூண்டில் நூலை விட்டு இழுக்கும் சக்கரத்தை நாம் 'ரீல்' என்கிறோம். அதற்குச் 'சுருட்டி'யைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடித்தவர்களுக்கு இந்தச் சுருட்டி தேவைப்படவில்லை. ஆற்றில் வீச்சு வலை. ஏரிக்கரையில் ஒரு மூங்கில் கழி, தக்கை, முள், சிரட்டையில் கொஞ்சம் மண்புழு. விரால் கடித்தால் ஒரே வெட்டு. மீன் கரையில் கிடக்கும். மீனை ஓடவிட்டு, களைக்க வைத்து, பிறகு இழுப்பது நேரமும் காசும் உள்ளவரின் விளையாட்டு. அந்த விளையாட்டின் கருவிதான் சுருட்டி.

கருவி பழையது. சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் தீட்டிய படத்தில், படகில் குந்தியிருக்கும் மனிதரின் தூண்டிலில் சின்னச் சக்கரம் தெரிகிறது. அந்த ஓவியம் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் 1651ல் எழுதிய தூண்டில் நூலில் இதைப் பற்றிய குறிப்பு வருகிறது.

சென்னை மாகாணத்தில் இந்த விளையாட்டுக்கு இலக்கணம் எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. 'தி ராட் இன் இந்தியா' என்ற அவருடைய புத்தகம் 1873ல் மங்களூரில் அச்சானது. நம் ஊர் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887ல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொன்றும் எழுதினார்.

அதற்கு முன்பே கொள்ளிடத்து மீனுக்கு ஒரு சோதனை வந்திருந்தது. 1836ல் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து அந்த அணைக்குக் கொண்டுபோனது நம் மாவட்டத்தின் ஆறாத வடு. கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனுக்கும் அந்த அணை குறுக்கே நின்றது. வங்காளத்தார் 'இலிஷ்' என்று கொண்டாடும் மீன்தான் நம் உல்லம். அணைகளால் மீன்வளம் கெடக்கூடும் என்று 1867ல் எச்சரித்தவரும் அதே காட்டன்தான். அதன்பேரில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே விசாரணையில் இறங்கினார். 1909ல் வில்சன் என்ற மீன்வள நிபுணர், கொள்ளிடத்திலேயே உல்லம் முட்டைகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்து பார்த்தார்.

இனி, பழைய சுருட்டி ஒன்று கையில் கிடைத்தால் அதன் வயதையும் பிறந்த ஊரையும் கண்டுபிடிப்பது எப்படி? லண்டன் ஏலக்கடைக்குப் போக வேண்டியதில்லை. நம் வட்டாரத்துக் கைவினைஞர் மூவரிடம் இருக்கும் அறிவே முக்கால் வேலையை முடித்துவிடும்.

முதலில் ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்து நெசவாளி. நூல் எப்படிக் கழல்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ராட்டைபோல உருளை தானே சுழன்று நூலை விட்டால், அது பழைய வகை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பற்சக்கரத்தின் தயவில் உருளை பல சுற்றுச் சுற்றுவது இன்னொரு வகை. உருளை அசையாமல் நிற்க, நூல் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு போவது மூன்றாவது வகை. இந்த மூன்றாவதை நெசவாளிக்கு யாரும் விளக்க வேண்டாம். கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும்போது, உள்ளே தார்க்குச்சி சுழல்வதில்லை. ஊடை நூல் அதன் நுனியில்தான் உருவி வருகிறது. இந்த வகைக்கு 1905ல் காப்புரிமை வாங்கிய ஆல்பிரட் இல்லிங்வொர்த், பிராட்ஃபோர்டில் கம்பளி நூல் ஆலை நடத்திய குடும்பத்துக்காரர். நூலோடு பழகியவர் கண்ணில் பட்ட வித்தை! எனவே அசையா உருளைச் சுருட்டியைக் காட்டி "1880ல் வந்தது" என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

இரண்டாவது, பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பி. அவ்வூர் மரச்சிற்பங்கள் 2020ல் புவிசார் குறியீடு பெற்றவை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் வகைச் சுருட்டி வால்நட் மரத்தில் கடைந்தது. முதுகில் நட்சத்திர வடிவப் பித்தளைக் கட்டு இருக்கும். மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் வெடிக்கும் என்பதால் போட்ட கட்டு அது. நூறு வருடப் பழக்கத்தில் கை பட்டுத் தேய்ந்த மரத்தையும், நேற்றுக் கடைந்து சாயம் ஏற்றிய மரத்தையும் சிற்பியின் விரல் பிரித்துச் சொல்லிவிடும்.

மூன்றாவது ஆளைப் பார்க்கக் கொள்ளிடத்தைத் தாண்டி நாச்சியார்கோயில் போக வேண்டும். குத்துவிளக்கு வார்ப்பவரிடம் பித்தளைச் சுருட்டியைக் கொடுத்தால், எது வார்ப்பு, எது கடைசல், எது பின்னால் வைத்த பற்று என்று சொல்வார். திருகாணிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடுதான். கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களில் பரவியது. பழைய உடம்பில் புதுத் திருகாணி இருந்தால் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

பெயரைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பொறித்திருக்கும் பெயர் செய்தவர் பெயராக இருக்க வேண்டியதில்லை. பர்மிங்காம் பட்டறைகள் பெயர் போடாமல் செய்து அனுப்ப, விற்ற கடைக்காரர்கள் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டார்கள். கல்கத்தாவின் மான்டன் போன்ற துப்பாக்கிக் கடைகளின் பெயரில் வருபவையும் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். காப்புரிமை எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரிட்டனில் 1915 வரை அந்த எண் ஒவ்வொரு ஆண்டும் 1லிருந்து தொடங்கியது. ஆண்டு தெரியாவிட்டால் எண்ணால் பயனில்லை. 1916லிருந்து 100001 முதல் தொடர் எண். ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது என்று துணிந்து சொல்லலாம்.

சேகரிப்பாளர்கள் தவம் கிடப்பது அன்னிக் நகரத்து ஹார்டி நிறுவனத்தின் 'பெர்ஃபெக்ட்' சுருட்டிக்கு. 1888ல் காப்புரிமை, 1891ல் விற்பனை. ஆரம்பகாலத்தவை பித்தளையும் தந்தப் பிடியுமாக இருக்கும். நம் பரண்களில் கிடைக்க வாய்ப்புள்ளது, சிங்கப்பூரும் வளைகுடாவும் போய் வந்தவர்கள் கொண்டுவந்த பிற்கால வகைதான். அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். சுவீடனின் ஆபு நிறுவனத்து 'அம்பாசடர்' சுருட்டியின் காலடியில் 780600 என்று இருந்தால், 1978ஆம் ஆண்டு ஆறாம் மாதம் என்று படிக்க வேண்டும். 1970களிலிருந்து அந்த வழக்கம்.

இரண்டு எச்சரிக்கைகள். தந்தப் பிடி போட்ட சுருட்டியை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986லும் 1991லும் வந்த திருத்தங்கள் தந்த வணிகத்தை அடியோடு தடுத்துவிட்டன.

இரண்டாவது, நம் வீட்டுப் பழக்கம் சார்ந்தது. பித்தளை கண்ணில் பட்டதும் புளியைக் கரைத்துத் தேய்க்கக் கை பரபரக்கும். குத்துவிளக்குக்கு அது அழகு. பழைய சுருட்டிக்கு அது கேடு. பெயரும் எண்ணும் வெட்டிய வரிகள் ஏற்கெனவே மெலிந்து போயிருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் இன்னும் கொஞ்சம் அழியும். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். புளி ரசத்துக்கே இருக்கட்டும்.