ஆயிரம் பெண்மக்களுக்கு அன்னையான ஆசிரியை

படவேட்டிலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் தறியோசை கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு நூல் என்னும் சொல் இரு பொருள் தருவதாகும். தறியில் ஓடுவது ஒரு நூல். ஏட்டில் கற்பது மற்றொரு நூல். முதல் நூலை ராட்டையிற் சுற்றித் தார் இட்டுக் கொடுத்தவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்மக்களே. இரண்டாவது நூலோ அவர்கள் கைக்கு எட்டாமலே நெடுங்காலம் கழிந்தது. அவ்விரண்டாம் நூலைத் தமிழ்ப் பெண்களின் கையிற் கொடுப்பதற்கே தம் வாழ்நாளை ஈந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அவர் பெயர் எலைசா அக்னியூ. அவர் பணி செய்த இடம் யாழ்ப்பாணத்து உடுவில். கடல் கடந்த ஊரின் கதை நமக்கெதற்கு என்று நேயர்கள் வினவலாம். நம் வட்டாரத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1819ம் வருஷம் அமெரிக்காவினின்று புறப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்துவந்த ஜான் ஸ்கடர் என்பவர் 1836ல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர்கள் 1853ல் ஆர்க்காட்டு மிஷனை ஸ்தாபித்தனர். ஆரணியும் அம்மிஷனார் பணி செய்த ஊர்களுள் ஒன்றாயிற்று. வேலூரில் 1918ல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அந்த ஜான் ஸ்கடரின் பேர்த்தியே. ஆகவே உடுவிலும் ஆரணியும் ஒரு வேரினின்று நீர் பெற்ற இரு கிளைகள் எனலாம்.

அக்னியூ அம்மையார் 1807ம் வருஷம் நியூயார்க் நகரில் பிறந்தார். எட்டு வயதுச் சிறுமியாய்ப் பள்ளியிற் பூகோளம் கற்றபோதே, தூரதேசம் சென்று ஊழியம் செய்ய வேண்டும் என்று உள்ளத்தில் உறுதி பூண்டனராம். ஆயினும் அவர் உடனே புறப்பட்டாரல்லர். பெற்றோரைப் பேணும் கடமை முன்னின்றது. அவர்கள் காலஞ்சென்ற பின்னரே, முப்பது வயதைக் கடந்த நிலையில், 1839ல் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். பெரியோர்க்குச் செய்யும் கடனைக் கழித்த பிறகே தம் விருப்பத்தை நாடிய இக்குணம் நம்மவர் போற்றற்பாலது.

உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி 1824லேயே ஹாரியட் வின்ஸ்லோ அம்மையாரால் தொடங்கப்பெற்றிருந்தது. அவர் கணவர் மைரன் வின்ஸ்லோவே 1862ல் வெளிவந்த தமிழ் ஆங்கிலப் பேரகராதியை அளித்தவர். அக்காலத்தில் குலப்பெண் எழுத்தறிதல் நாணத்தக்கதெனக் கருதப்பட்டது. கோயிலில் ஆடும் மாதர்க்கே எழுத்து உரியது என்பது ஊரார் எண்ணம். பெண்ணைப் பள்ளிக்கு விடுவார் ஒருவருமிலர். ஒருநாள் பெருமழைக்கு அஞ்சி இரு சிறுமியர் மிஷன் வீட்டில் ஒதுங்கினர் என்றும், பசியால் அழுத இளையவள் அங்கே கொடுத்ததை உண்டாள் என்றும், சாதி ஆசாரம் கெட்டதென்று தந்தை சினந்தார் என்றும், அதிலிருந்தே பெண்கள் அங்குத் தங்கிக் கற்பது தொடங்கிற்று என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. ஒரு கவளம் உணவுக்கும் ஓர் எழுத்துக்கும் அன்று எத்துணைப் பெரிய மதில் இருந்தது பாருங்கள்!

அம்மதில் ஒரே நாளில் இடிந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்தனர். கல்வி முடித்து மணம் புரியும் பெண்ணுக்குச் சிறிது சீதனமும் வழங்கினர். வட்டுக்கோட்டைச் செமினாரியிற் கற்ற வாலிபர் படித்த மனைவியரை விரும்பினர். இங்ஙனம் கல்வியே மணத்திற்குத் தகுதியாயிற்று. முன்பு மறுத்த பெற்றோரே பின்பு தாமாக வந்து இடம் வேண்டினர்.

இந்நிலையிற் பொறுப்பேற்ற அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது வருஷம் அப்பள்ளியை நடத்தினார். அதற்குள் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினாரல்லர். மணஞ்செய்து கொள்ளவுமில்லை. விடுமுறை வந்தால் ஓய்வு கொள்ளாமல், தம்மிடம் கற்றுச் சென்ற பெண்களின் கிராமங்களுக்குச் சென்று அவர்தம் இல்லங்களில் நலம் விசாரிப்பார். தாய்க்குக் கற்பித்தார், அவள் மகளுக்குக் கற்பித்தார், மகளின் மகளுக்கும் கற்பித்தார். அவரிடம் பயின்றோர் தொகை ஆயிரத்துக்கு மேற்பட்டது. ஆயிரம் மக்களின் தாய் என்று அவரை அழைத்தமை இதனாலேயாம்.

இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அம்மையார் வந்தது தம் மதத்தைப் பரப்பவே. அவர் மாணவியருள் அறுநூற்றுவருக்கு மேற்பட்டோர் கிறிஸ்து சபையிற் சேர்ந்தனர். ரேணுகாம்பாளை வழிபடும் நம்முட் பலர்க்கு இச்செய்தி உவப்பாயிராது. அந்நாளைப் பெற்றோரின் அச்சமும் வீண் அச்சமன்று. எனினும் நாம் நம்மையே வினவ வேண்டுவது ஒன்றுண்டு. நம் பெண்களுக்கு நாமே பள்ளி வைத்திருப்பின், பிறர் வந்து வைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்திருக்கும்? ஒருவர் கொள்கையை ஏற்காமலே அவர் உழைப்பை வணங்கலாம். அவர் செய்ததைக் கண்டு நாம் செய்யாததற்கு வருந்தவும் வேண்டும்.

முதுமையால் 1879ம் வருஷத்தை அடுத்து அவர் பள்ளிப் பொறுப்பினின்று நீங்கினார். மானிப்பாயில் கடைசி நாட்களைக் கழித்து 1883ல் இறைவனடி எய்தினார். அப்பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாய் விளங்குகின்றது; 2024ல் இருநூறாண்டு நிறைவெய்தியது.

சங்கத்து அன்பர்களே! தார் சுற்ற ஒரு கை குறையுமே என்று பெண்மகவைப் பள்ளியினின்று நிறுத்திய வழக்கம் நம் வீடுகளில் நெடுநாள் இருந்தது. பாவு எத்துணை நேர்த்தியாய் நீண்டிருப்பினும் ஊடை இன்றேல் புடைவை ஆகாது. ஆண்மக்கள் கல்வி பாவாயின் பெண்மக்கள் கல்வி ஊடையாம். அந்நிய தேசத்து அம்மையார் ஒருவர் நாற்பது வருஷம் பிறர் மக்களுக்குச் செய்ததை, நம் மக்களுக்கு நாம் செய்யலாகாதா? ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பெண்ணை அவள் விரும்பும் வகுப்பு வரையிற் படிக்கவைப்பதெனத் துணிவார்களாக. படித்து முடித்தவள் தன் தெருவிலுள்ள ஒரு சிறுமிக்கேனும் கற்பிப்பாளாக. அதுவே இவ்வரலாற்றை நாம் படித்ததன் பயன்.