எண்டோமெட்ரியோசிஸும் உணவும்: எந்தத் தொல்லைக்கு எந்தச் சான்று?

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ள பெண்களுக்குச் சொல்லப்படும் உணவு அறிவுரைகளில் இரண்டு கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன. இன்ன உணவு நோய் வராமல் காக்குமா என்பது ஒன்று. வந்தபின் துன்பத்தைத் தணிக்குமா என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்குப் பொருத்துவதால்தான் வீண் நம்பிக்கைகள் பிறக்கின்றன என்பது என் வாதம்.

அமெரிக்கச் செவிலியர் 70,709 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், நீள்சங்கிலி ஒமேகா-3 கொழுப்பை மிகுதியாக உண்டவர்களிடம் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 22 விழுக்காடு குறைந்திருந்தது. அராகிடோனிக் என்னும் கொழுப்பு அமிலத்திலிருந்து உருவாகும் புராஸ்டாகிளாண்டின்கள் கருப்பையை இறுக்கி வலியைக் கூட்டுகின்றன. ஒமேகா-3 அந்த உருவாக்கத்தைக் குறைக்கிறது. ஆகவே மீன் எண்ணெய் வலியைத் தணிக்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் பாஸ்டனில் இளம்பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான சேஜ் சோதனை அதை உறுதிசெய்யவில்லை. ஆறு மாதம் வைட்டமின் டி உண்டவர்களுக்கு வலி குறைந்தது. மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. மீன் எண்ணெய்க் குழுவுக்குக் கிடைத்த தணிவோ அதில் பாதிதான்.

போலி மாத்திரையிலும் வலி குறைந்ததை மனத்தில் வைத்தே 2012இன் இத்தாலிய ஆய்வைப் படிக்க வேண்டும். 207 பெண்கள் 12 மாதம் குளூட்டனைத் தவிர்த்தனர். 75 விழுக்காட்டினருக்கு வலி தணிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. அந்தப் பெண்களின் நிம்மதி உண்மையானது. ஆனால் கோதுமையை விட்டதுதான் அதற்குக் காரணம் என்று சொல்லச் சான்று போதாது.

இந்நோயோடு வரும் வயிற்று உப்புசம், மலச்சிக்கல், பேதி ஆகியவற்றில் நிலைமை வேறு. குடலில் செரிக்காமல் நொதிக்கும் ஃபோட்மேப் சர்க்கரைகளைக் குறைத்து, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 28 நாள் உணவு வழங்கிச் சோதித்தனர். 35 பெண்களும் இந்த உணவையும் ஒப்பீட்டு உணவையும் மாறி மாறி உண்டனர். 2025இல் வெளியான முடிவின்படி, 60 விழுக்காட்டினருக்குக் குடல் தொல்லை தணிந்தது. ஒப்பீட்டு உணவில் 26 விழுக்காட்டினருக்கே. சோதனை சிறியது, ஆயினும் இத்துறையில் இவ்வளவு கவனமாக நடந்தவை அரிது.

இந்த முறையில் விலக்க வேண்டியவை வெங்காயம், பூண்டு, கோதுமை, பல பருப்பு வகைகள். சாம்பாரும் ரசமும் அன்றாடமாக உள்ள சைவ வீட்டில் புரதத்துக்கும் இரும்புச் சத்துக்கும் முக்கிய ஆதாரம் பருப்பு. மிகுந்த உதிரப்போக்கால் இரும்புச் சத்தை இழந்துகொண்டிருக்கும் பெண் பருப்பை மாதக்கணக்கில் விட்டால் சோகை முற்றலாம். (வெங்காயத்துக்கு மாற்றாகச் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.) நான்கு வாரத்துக்குப் பின், உணவியலாளர் துணையோடு, விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தொல்லை தருவதை மட்டும் ஒதுக்குவதே முறை.

ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், வலிக்கென எந்தக் குறிப்பிட்ட உணவுமுறையையும் பரிந்துரைக்கவில்லை. சூலகக் கட்டியோ உறவின்போது ஆழ்ந்த வலியோ உள்ளவரை உணவை மாற்றிப் பார்க்கச் சொல்லி அனுப்புவது, ஏற்கெனவே பல ஆண்டு தாமதமாகும் நோயறிதலை மேலும் தள்ளிப்போடுவதாகும். அவருக்கு முதலில் தேவை ஸ்கேனும் மகளிர் நோய் மருத்துவரின் பரிசோதனையும்.